என் ஸ்டேட்டஸைத் திருடன் பார்த்தானா?

விமானம் கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விமானத்தின் வால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். கீழே "பத்து நாள் விடுதலை" என்று எழுதி, விமான நிலையத்தின் பெயரையும் சேர்த்துப் போட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது, சித்தப்பாவிடமிருந்து போன்.

"ஏண்டா, வீட்ல ஆள் இல்லைன்னு தண்டோரா போட்டாத்தான் உனக்குத் தூக்கம் வருமா? மொதல்ல அதை எடு."

எடுத்துவிட்டேன். சித்தப்பாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. ஆனால் அந்தப் பத்து நாளும் ஒரு சந்தேகம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒருவன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், என் படம் வருகிறது, "ஆகா, ஆள் இல்லாத வீடு" என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். இப்படி உண்மையிலேயே நடக்கிறதா? சித்தப்பாவைக் கேட்டால் "பேப்பர்ல வந்துச்சு" என்பார். எனக்கு அது போதவில்லை. ஊர் திரும்பியதும் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு என்றே சொல்லலாம். 2009ல் ஃபோர்ஸ்கொயர் என்ற செயலி வந்தது. போகிற இடத்திலெல்லாம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதிவு செய்யலாம், அடிக்கடி போனால் பட்டம்கூடக் கொடுப்பார்கள். அந்தப் பதிவுகளைப் பலர் அப்படியே ட்விட்டரிலும் போட்டார்கள். 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் "ப்ளீஸ் ராப் மீ" என்ற தளத்தைத் தொடங்கினார்கள். "தயவுசெய்து என் வீட்டில் திருடுங்கள்" என்று பொருள். ட்விட்டரில் பொதுவில் கிடந்த அந்தப் பதிவுகளைத் திரட்டி, இன்னார் இத்தனை நிமிடத்துக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பினார் என்று வரிசையாகக் காட்டியது, அவ்வளவுதான். யார் வீட்டிலும் திருட வைப்பது தங்கள் நோக்கம் இல்லை, எதையெல்லாம் கொட்டுகிறோம் என்று மக்கள் யோசிக்கட்டும் என்பதுதான் என்று அவர்களே சொன்னார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. பெயர் அப்படி.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இரண்டு ஆய்வாளர்கள், ஜெரால்ட் ஃப்ரீட்லாண்டும் ராபின் சொம்மரும், இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெர்க்லியைச் சுற்றி எடுக்கப்பட்டு இடக்குறிப்போடு யூடியூபில் ஏற்றப்பட்ட வீடியோக்களை முதலில் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் அண்மையில் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வேறு வீடியோ ஏற்றியிருக்கிறார்களா என்று ஒரு சின்ன நிரல் எழுதித் தேடினார்கள். வீடு இங்கே, ஆள் அங்கே என்று ஊகிக்கக்கூடிய நூறு பேருக்கு மேல் சிக்கினார்கள். நம் ஊர் வழக்கில் திருடர்கள் ஒரு வீட்டை முன்கூட்டிப் பார்த்து வைப்பதை நோட்டம் விடுவது என்போம் அல்லவா? இணையத்தில் உட்கார்ந்தபடியே நோட்டம் விடலாம் என்பதைத்தான் அவர்கள் காட்டினார்கள்.

ஆடம் சாவேஜ் கதையும் அதே வருடத்தது. தொலைக்காட்சியில் கட்டுக்கதைகளைச் சோதித்துப் பார்க்கும் நிகழ்ச்சியை நடத்தியவர். தன் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் படம் எடுத்து, வேலைக்குக் கிளம்புகிறேன் என்று ட்விட்டரில் போட்டார். படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருந்தன. வீடு எங்கே, அவர் எந்த நேரத்தில் அங்கே இல்லை என்ற இரண்டும் ஒரே படத்தில் போய்ச் சேர்ந்தன. அவர் வீட்டில் திருட்டு எதுவும் நடக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள்.

எனக்கு முதலில் உறைத்தது அதுதான். ப்ளீஸ் ராப் மீ, பெர்க்லி ஆய்வு, சாவேஜின் கார் எல்லாமே "முடியும்" என்று காட்டுகிற கதைகள். "நடந்தது" என்று காட்டுகிற கதையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

தேடியபோது கையில் சிக்கியது ஒரு புள்ளிவிவரம். வீட்டுப் பாதுகாப்பு பற்றிய பாதிக் கட்டுரைகளில் அது இருக்கிறது. முன்னாள் திருடர்களில் 78 சதவீதம் பேர், திருடர்கள் சமூக ஊடகங்களைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள் என்பது. படித்ததும் "சித்தப்பா சொன்னது சரிதான் போல" என்று நினைத்தேன். அப்புறம் அதன் வேர் வரைக்கும் போனேன். 2011ல் பிரிட்டனில் எடுத்த கருத்துக்கணிப்பு. கேட்கப்பட்டவர்கள் 50 பேர். அதாவது 78 சதவீதம் என்பது 39 மனிதர்கள். சரி, அது சின்னக் குறை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி "நீங்கள் அப்படிச் செய்தீர்களா?" என்பது இல்லை. இப்போது திருடுகிறவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நினைக்கிறீர்களா என்பதுதான். தொழிலை விட்டுவிட்ட 39 பேர், தொழிலில் இருப்பவர்களைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயம் இது. கணிப்பை எடுத்தது அலாரமும் அழைப்புமணியும் விற்கிற நிறுவனம். என் தாத்தாவைக் கேட்டாலும் இந்தக் காலத்துத் திருடன் இன்டர்நெட்டில்தான் பார்ப்பான் என்று சொல்லியிருப்பார். அவர் திருடரும் இல்லை, அலாரமும் விற்கவில்லை.

இதைவிட நல்ல எண் ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்தால் காரணம் எளிமையானது. திருடன் எப்படித் தெரிந்துகொண்டான் என்று அறிய வேண்டுமானால் முதலில் அவன் பிடிபட வேண்டும். அமெரிக்காவில் 2019ல் போலீஸ் துப்புத் துலக்கி முடித்த புகுந்து திருடும் வழக்குகள் சுமார் 14 சதவீதம்தான். மிச்சத்தில் அவன் ஸ்டேட்டஸைப் பார்த்தானா, வாசலில் குவிந்த பேப்பரைப் பார்த்தானா, சும்மா அந்தப் பக்கம் நடந்து போனானா என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். பிடிபட்டவர்களை வைத்து எண்ணினாலும் கணக்கு கோணலாகத்தான் வரும். இணையத்தில் தடயம் விட்டவன் எளிதில் மாட்டுவான், விடாதவன் மாட்டமாட்டான்.

சரி, நேராகத் தெரியாது என்றால் சுற்றி வளைத்துப் பார்க்கலாம். இருப்பிடத்தைப் பகிர்வது திருட்டைப் பெரிதாகத் தூண்டுகிறது என்றால், அந்தப் பழக்கம் பெருகிய ஆண்டுகளில் திருட்டும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு புகுந்து திருடுவது 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்தது, அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவில் கடை, அலுவலகம் எல்லாம் சேர்த்து 1,00,000 பேருக்கு 1991ல் 1,252 என்றிருந்த எண்ணிக்கை 2019ல் 340. இதற்கு நடுவில்தான் ஃபேஸ்புக் வந்தது, ஐபோன் வந்தது, சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் பிடிக்கிற நாகரிகமும் வந்தது.

இந்தக் கணக்கைச் சித்தப்பாவிடம் காட்டினால் அவர் சும்மா விடமாட்டார் என்று தெரியும். "இல்லேன்னா இன்னும் குறைஞ்சிருக்கும்" என்பார். அதுவும் நியாயம்தான். பூட்டுகள் மேம்பட்டன, உறுதியான கதவுகளும் ஜன்னல்களும் வந்தன, மின்னணுப் பொருள்களின் விலை விழுந்ததால் திருடி விற்றுக் கிடைக்கும் காசும் குறைந்தது. இவ்வளவும் கீழே இழுக்கும்போது ஒன்று மட்டும் லேசாக மேலே தள்ளினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அந்தத் தள்ளல் இருந்தாலும் அது லேசானதுதான். பெரிதாக இருந்திருந்தால் இந்த இறக்கத்துக்குள் ஒளிந்திருக்க முடியாது.

இதற்கு மேல் என் மனதை மாற்றியது திருடர்களிடமே பேசியவர்களின் ஆய்வுகள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஷார்லட் வளாகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, மூன்று மாநிலச் சிறைகளில் இருந்த 422 திருடர்களிடம் கேட்டு 2012ல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமாக முன்கூட்டித் திட்டமிட்டுத்தான் திருடுவேன் என்றவர்கள் 12 சதவீதம். பெரும்பாலும் அந்த நேரத்தில் தோன்றிச் செய்ததுதான் என்றவர்கள் 41 சதவீதம். தோன்றியதும் செய்கிறவனுக்கு ஆயிரம் பேரின் பதிவுகளைப் படித்து, அதில் யார் வீடு எந்தத் தெருவில் என்று துருவுகிற பொறுமை எங்கே இருக்கப் போகிறது?

இன்னொரு ஆய்வு கொஞ்சம் மாற்றிச் சொல்கிறது. செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் இருவரும் சிறைக்கு வெளியே, தொழிலில் இருந்த 105 திருடர்களையே தேடிப் பிடித்துப் பேசி 1994ல் வெளியிட்டது. அவர்களில் பலர் ஏதோ ஒரு வீட்டை ஏற்கெனவே மனதில் வைத்திருந்தார்கள். அந்த வீடு எப்படித் தெரியும் என்றால் மூன்றே வழி. வீட்டுக்காரரைத் தெரியும், அல்லது யாரோ துப்புக் கொடுத்தார்கள், அல்லது தாங்களே நோட்டம் விட்டார்கள். இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு முந்தைய காலம் அது. ஆனால் இந்த மூன்று வழிகளையும் வைத்துக்கொண்டுதான் இன்றைய கேள்விக்கே விடை தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று அறிய ஸ்டேட்டஸ் எதற்கு? மணியடித்தால் போதும். யாராவது திறந்தால் "மன்னிக்கணும், இது இன்னார் வீடு இல்லையா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ஆள் இல்லாத வீடு என்பது அவ்வளவு அரிய பொருளும் இல்லை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு எந்தத் தெருவிலும் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. 1979ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு சமூகவியலாளர்கள் இதையே அடிப்படையாக வைத்து ஒரு கோட்பாடு சொன்னார்கள். திருட நினைப்பவன், திருடத் தக்க பொருள், காவல் இல்லாமை மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் நடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செல்வம் பெருகியும் திருட்டு ஏன் கூடியது என்பதே அவர்கள் கேள்வி. பெண்களும் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள், பகலில் வீடுகள் பூட்டப்பட்டன. கூடவே பொருள்களும் எடை குறைந்தன. அவர்கள் ஒரு விலைப்பட்டியலையே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்: அதிலிருந்த மிக லேசான தொலைக்காட்சிப் பெட்டி 1960ல் ஏறக்குறைய 17 கிலோ, 1970ல் 7 கிலோ. தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு எது சுலபம் என்று விலைப்பட்டியலிலிருந்து கண்டுபிடித்த அந்த மூளைக்கு ஒரு வணக்கம்.

இதன் மறுபக்கத்தை 2020ல் உலகமே பார்த்தது. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தோம், பல நாடுகளில் வீட்டுத் திருட்டு சட்டென்று சரிந்தது. யாரும் இருப்பிடத்தைப் பகிர்வதை நிறுத்தியதால் அது நடக்கவில்லை. வீட்டில் ஆள் இருந்தார்கள்.

ஆக, சட்டென்று புகுந்து ஐந்து நிமிடத்தில் வெளியேறுகிற திருடனுக்கு என் விமானப் படம் தேவையே இல்லை. நான் அலுவலகம் போகிற எந்த நாளும் அவனுக்கு உகந்த நாள்தான். அப்படியானால் அந்தப் படத்தில் யாருக்குத்தான் பயன்? அதில் மணியடித்தால் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. "பத்து நாள்". எப்போது திரும்புவார்கள் என்பதை எந்த அழைப்புமணியும் சொல்லாது. பத்து நாள் என்றால் அவசரமில்லாமல் வரலாம். பெரிய பொருளையும் எடுக்கலாம், பூட்டு உடைந்ததே பத்தாம் நாள்தான் தெரியும், அதற்குள் பொருள் கைமாறிவிடும். ஆனால் இந்தத் தகவல் பயன்பட வேண்டுமானால் அவனுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: என் வீடு எங்கே, உள்ளே என்ன இருக்கிறது.

அது யாருக்குத் தெரியும்? முகம் தெரியாத அந்நியனுக்கு அல்ல. என் வீட்டுக்கு வந்து போனவர்களுக்கு.

நாஷுவா சம்பவத்தை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தபோதுதான் எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறது நாஷுவா. 2010 செப்டம்பரில் அங்கே ஒரு திருட்டுக் கும்பல் பிடிபட்டது. ஃபேஸ்புக்கைப் பார்த்துத்தான் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று போலீஸ் சொன்னது. இருக்கும் இடத்தைப் பதிவு செய்யும் "பிளேசஸ்" வசதியை ஃபேஸ்புக் அறிமுகப்படுத்தி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுச் செய்திகள் பறந்தன. இன்றுவரை இருப்பிடப் பகிர்வின் ஆபத்துக்கு முதல் சாட்சியாக அதையே காட்டுகிறார்கள். ஆனால் போலீஸிடம் பேசிய பிறகு ஃபேஸ்புக் நிறுவனம் சொன்ன விளக்கம் வேறு. பிடிபட்டவர்களில் ஒருவர், பாதிக்கப்பட்டவரின் நட்புப் பட்டியலில் இருந்தவர். நண்பர் வெளியூர் போவதாக எழுதியிருந்தார், இவர் பார்த்தார். செயற்கைக்கோளும் இல்லை, இடக்குறிப்பும் இல்லை. தெரிந்த ஆள் ஒருவர் படித்த ஒரு சாதாரண வரி.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2003 முதல் 2007 வரையான திருட்டுகளை ஆராய்ந்து 2010ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆள் இருக்கும்போது புகுந்து வன்முறையில் முடிந்த திருட்டுகளில், 65 சதவீதத்தில் வந்தவர் வீட்டாருக்குத் தெரிந்தவர். ஆளில்லாத வீட்டுத் திருட்டுக்கு இதே எண்ணை அப்படியே ஒட்டக்கூடாது, அங்கே வந்தவரை யார் பார்த்தார்கள்? இருந்தாலும் முகமூடி போட்ட அந்நியன் என்று நாம் மனதில் வரைந்து வைத்திருக்கிற படத்தைக் கொஞ்சம் திருத்த இது போதும். வேலியே பயிரை மேயும் கதை இந்தத் துறையில் ரொம்பப் பழையது.

பிரபலங்களின் கதை வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் "நடந்தது" என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை பெரும்பாலும் அவர்களுடையவைதான். 2017 பிப்ரவரியில் செல்சி கால்பந்து அணியின் ஜான் டெர்ரி குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போனார், இன்ஸ்டாகிராமில் படம் போட்டார், இங்கிலாந்தில் அவர் வீட்டில் புகுந்துவிட்டார்கள். சுமார் 4 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொருள்கள் போயின. கும்பல் பிடிபட்டு வழக்கு நடந்தபோது அந்தப் படமும் பேசப்பட்டது. 2008, 2009ல் லாஸ் ஏஞ்சலஸில் சில பதின்வயதினர் நட்சத்திரங்களின் வீடுகளில் வரிசையாகக் கைவரிசை காட்டினார்கள். சினிமா கிசுகிசுத் தளங்களைப் பார்த்து யார் எப்போது ஊரில் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். பாரிஸ் ஹில்டன் வீட்டுக்குள் எப்படிப் போனார்கள் தெரியுமா? மிதியடிக்குக் கீழே சாவி இருந்தது.

2024 இறுதியில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் பலர் வீட்டில் திருட்டு நடந்தது. சின்சினாட்டி அணியின் ஜோ பர்ரோ டிசம்பர் 9 அன்று டல்லாஸ் அருகே ஆடிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டில் புகுந்தார்கள். இருக்கும் இடத்தை அந்தந்த நேரத்திலேயே பதிவிடாதீர்கள் என்றெல்லாம் வீரர்களுக்கு எச்சரிக்கை போனது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் எந்த ஊரில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வீட்டில் இருக்கமாட்டார் என்பது பல மாதங்களுக்கு முன்பே அச்சாகிவிட்டது. நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் எதைப் பதிவிட்டால் என்ன, விட்டால் என்ன?

2016 அக்டோபரில் பாரிஸில் கிம் கர்தாஷியனின் அறைக்குள் புகுந்தவர்கள் விஷயத்தில் எல்லாமே தலைகீழ். அவர் அங்கே இருக்கிறார் என்பதால்தான் வந்தார்கள். நகையை மாட்டிக்கொண்டு அவர் போட்ட படங்களிலிருந்தே வேண்டியதைத் தெரிந்துகொண்டதாகக் கும்பலின் தலைவர் பின்னர் போலீஸிடம் சொன்னார். 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது, எட்டுப் பேர் குற்றவாளிகள். இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் வீடோ தங்கும் இடமோ ஊருக்கே தெரியும், உள்ளே இருக்கும் பொருளும் தெரியும். பதிவு கடைசித் துண்டு மட்டும்தான். நம்மில் பலருக்கு முதல் இரண்டும் இல்லை. என் வீட்டில் எடுத்துப்போகத் தக்கது என்ன என்று எனக்கே சரியாகத் தெரியாது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. விலையுயர்ந்த ஒரே ஒரு பொருள் உங்களிடம் இருந்து, அதைப் பற்றியே நீங்கள் எழுதுகிறவராக இருந்தால் நிலைமை மாறும். மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் தங்கள் பாதையைப் பதிவு செய்கிறார்கள். கோடு வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில் முடியும், வண்டி என்ன ரகம் என்பதும் கூடவே எழுதியிருக்கும். வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்தை மறைக்கிற வசதி இதற்காகவே இருக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் படித்த வடிவியல்தான்: வட்டத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி தெரிந்தால் நடுப்புள்ளி தெரிந்துவிடும். நீங்கள் வெவ்வேறு நாளில் வெவ்வேறு பக்கமாக வெளியேறும்போது உங்கள் கோடு அந்த ஓரத்தில் போய் வெட்டுப்படும். அந்த வெட்டுகளைச் சேர்த்தால் மையத்தில் உங்கள் வீடு. 2018ல் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள், அதன் பிறகு செயலிக்காரர்களும் மறைக்கும் முறையை மாற்றினார்கள்.

படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே பத்துப் பதினோரு மீட்டர் துல்லியம் வந்துவிடும், அதாவது எந்த வீடு என்று சொல்லிவிடலாம். ஆனால் பெரிய சமூக ஊடகங்கள் இப்போது படத்தை ஏற்றும்போதே அந்தக் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் போய்விடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். சாவேஜுக்கு நேர்ந்தது இன்று அதே வழியில் நேர்வது கடினம்.

படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது. திருட்டைப் பற்றிப் பேசிப் பேசியே இருப்பிடப் பகிர்வின் உண்மையான கெடுதலை மறைத்துவிட்டோமோ என்று. பொருள் போனால் வாங்கலாம். 2019ல் ஜப்பானில் ஒருவர், ஓர் இளம் பாடகி போட்ட செல்ஃபியைப் பெரிதாக்கி, அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தை அடையாளம் கண்டுபிடித்து, அங்கே காத்திருந்து, வீடு வரை பின்தொடர்ந்து தாக்கினார். அந்தப் பெண் இருப்பிடத்தைப் பகிரவே இல்லை. துரத்துகிறவனுக்கு, விட்டுப் பிரிந்த பிறகும் வேவு பார்க்கிற முன்னாள் துணைக்கு, மற்றவர் இருக்கும் இடம் என்பது வெறும் தகவல் இல்லை, அவனுக்கு வேண்டியதே அதுதான். மணியடித்துவிட்டு அவன் திரும்பிப் போகமாட்டான். போனில் எப்போதோ ஒருவருக்கு "எப்போதும் பகிர்" என்று கொடுத்துவிட்டு மறந்த இருப்பிடம், ஸ்டேட்டஸில் போட்ட கடற்கரைப் படத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. என் போனில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர், நான்கு வருடத்துக்கு முன் ஒரே ஒரு நாள் பயணத்தில் கூட வந்தவர். இத்தனை நாளும் நான் போன இடமெல்லாம் அவர் போனில் ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன். பாவம், அவர் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்திருக்கமாட்டார்.

இப்போதெல்லாம் படங்களைத் திரும்பி வந்த பிறகுதான் போடுகிறேன். பயத்தால் என்று சொல்லமாட்டேன், அங்கே இருக்கும்போது அங்கே இருப்போமே என்றுதான். அவசரமாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் நாள் கணக்கை மட்டும் எழுதுவதில்லை. தங்கை இதைக்கூடச் செய்வதில்லை. நிமிடத்துக்கு ஒரு ஸ்டோரி போடுவாள். அவள் வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள், அவள் கணக்கை அறுபது பேர்தான் பார்க்க முடியும், அறுபது பேரையும் அவளுக்குத் தெரியும். அவள் செய்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அறுபதில் ஒருவர் மாறிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அவங்களுக்கு ஸ்டோரி எதுக்கு? நான் போறதுக்கு முன்னாடியே என்கிட்ட போன்ல பேசியிருப்பாங்களே" என்றாள்.

போன மாதம் சித்தப்பாவும் சித்தியும் வெளியூர் கிளம்பினார்கள். சித்தப்பா ஃபேஸ்புக்கில் எதுவும் போடமாட்டார், அதில் அவருக்கு ஒரு பெருமையே உண்டு. வாசல் கதவின் வெளிப்பக்கம், தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு பெரிய பூட்டு. பேப்பர் போடுகிறவரிடம் ரெண்டு வாரம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இன்னொரு சாவி பூந்தொட்டிக்குக் கீழே. அது எப்போதும் அங்கேதான், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எல்லாம் முடிந்து ரயில் ஏறியதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "நானும் இவளும் 16ஆம் தேதி வரை ஊரில் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் முடிந்தால் வீட்டை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளவும்."

அந்தக் குழுவில் 143 பேர். உட்கார்ந்து பார்த்தேன். கல்யாணத்தில் சேர்த்தவர்கள், காதுகுத்தில் சேர்த்தவர்கள், யாரோ போன் நம்பரை மாற்றிய பிறகு அந்த நம்பரை வாங்கிய முன்பின் தெரியாதவர்களும் இருக்கலாம். பாதிப் பேரின் பெயர் எனக்கு எண்களாகத்தான் தெரிந்தது. ஒரு நம்பருக்குச் செம்பருத்திப் பூ படம். இது யார் என்று அம்மாவிடம் கேட்டேன், தெரியவில்லை. அத்தையிடம் கேட்டேன், தெரியவில்லை. கடைசியில் சித்தப்பாவுக்கே போன் செய்தேன்.

"பூப்படமா?" ரயில் சத்தத்துக்கு நடுவே கொஞ்சம் யோசித்தார். "யாராவது நம்ம ஆளாத்தான் இருக்கும், விடு."